ஹெச்.எம். வேலை என்றால் என்ன? அரசுப் பள்ளித் தலைமை பற்றி ஓர் எளிய விளக்கம்

ஒரு சின்னக் கணக்கு. தமிழ்நாட்டில் ஒரு கிராமத்துத் தொடக்கப் பள்ளி. ஒன்று முதல் ஐந்து வரை ஐந்து வகுப்புகள், நாற்பது சொச்சம் பிள்ளைகள், இரண்டு ஆசிரியர்கள். அந்த இருவரில் ஒருவர்தான் தலைமை ஆசிரியர், பேச்சு வழக்கில் ஹெச்.எம். கல்வி உரிமைச் சட்டம் 2009 தொடக்க வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள், 800 மணி நேரக் கற்பித்தல் வேண்டும் என்கிறது; அதாவது நாளுக்கு 4 மணி நேரம். இரண்டு ஆசிரியர்களுக்கும் சேர்த்து 8 மணி நேரம். அதை ஐந்து வகுப்புக்குப் பங்கு போட்டால் ஒரு வகுப்புக்கு ஒரு நாளில் கிடைக்கும் தனிக் கவனிப்பு 1 மணி 36 நிமிடம். ஒருவர் விடுப்பு எடுத்துவிட்டால் 48 நிமிடம்.

தமிழ்நாட்டு அரசு ஆசிரியருக்கு ஆண்டுக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள், வரையறுக்கப்பட்ட விடுப்பு 3 நாள். இருவரும் முழுதாக எடுத்தால் 30 நாள். 200 வேலை நாளில் ஏறக்குறைய ஏழு நாளுக்கு ஒரு நாள் பள்ளி ஒற்றை ஆளால் ஓடும். பயிற்சி, கூட்டம், மருத்துவ விடுப்பு எதுவும் இந்தக் கணக்கில் சேரவில்லை.

பள்ளித் தலைமை என்றதும் தொலைநோக்கு, புதுமை, மாற்றம் என்றெல்லாம் பேசுவது வழக்கம். பயிற்சி வகுப்புகளில் அவை அழகாகவே இருக்கும். ஆனால் வளரும் நாட்டு அரசுப் பள்ளியில் தலைமைப் பொறுப்பின் அடித்தளம் மேலே சொன்ன நிமிடக் கணக்குதான். வகுப்பறை நேரம் கரையாமல் காப்பதும், கிடைத்த நேரத்தில் பிள்ளை கற்கிறதா என்று பார்ப்பதும்தான் முதல் வேலை. பதிவேடு, பணம், பெற்றோர் கூட்டம், கழிப்பறை, சோறு எல்லாமே கடைசியில் அந்த நேரத்தைக் கூட்டவோ குறைக்கவோ செய்கின்றன.

யார் இந்த ஹெச்.எம்.?

தமிழ்நாட்டில் தொடக்கப் பள்ளி ஐந்தாம் வகுப்பு வரை, நடுநிலைப் பள்ளி எட்டு வரை. உயர்நிலைப் பள்ளி பத்து வரை, மேல்நிலைப் பள்ளி பன்னிரண்டு வரை. நான்குக்கும் தலைமை ஆசிரியர் உண்டு. பெயர் ஒன்றுதான், வேலை வேறு. மேல்நிலைப் பள்ளி ஹெச்.எம்.முக்கு அலுவலக அறையும், பணியிடம் நிரம்பியிருந்தால் எழுத்தரும், உதவித் தலைமை ஆசிரியரும் இருப்பார்கள். தொடக்கப் பள்ளி ஹெச்.எம். தானே வகுப்பாசிரியர், தானே எழுத்தர், மணி அடிக்க ஆள் இல்லையென்றால் அதற்கும் அவரே. சட்டத்தின் அட்டவணைப்படி தொடக்கப் பள்ளியில் 150 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால்தான் ஐந்து ஆசிரியர்களோடு தனியாக ஒரு தலைமை ஆசிரியர். அதற்குக் கீழே அவரும் வகுப்பெடுக்கும் ஆசிரியர்களில் ஒருவர். பள்ளிகள் பற்றி ஒன்றிய அரசு ஆண்டுதோறும் திரட்டும் யூடைஸ் கணக்கின்படி இந்தியாவில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பள்ளிகள் ஓராசிரியர் பள்ளிகள். அங்கே தலைமை தாங்க இன்னொரு ஆளே கிடையாது.

இலங்கையில் பள்ளித் தலைமை ஆசிரியரை அதிபர் என்பார்கள்; அவர்களுக்கு அதிபர் சேவை என்று தனிச் சேவையே இருக்கிறது. போட்டித் தேர்வு எழுதி அதற்குள் வர வேண்டும். இங்கே அப்படி இல்லை. பெரும்பாலும் பணிமூப்புப்படி வரும் பதவி உயர்வுதான். இருபது வருடம் நல்ல கணக்கு ஆசிரியராக இருந்தவர் ஒரு திங்கட்கிழமை காலையில் ஹெச்.எம். நாற்காலியில் உட்காருவார். ரொக்கப் பதிவேட்டை அன்றுதான் முதன்முதலாகக் கையில் எடுப்பார்.

பதவி உயர்வு நீதிமன்ற வழக்கில் சிக்கினால் அந்த நாற்காலியும் காலியாகக் கிடக்கும். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பில், பணியில் இருக்கும் ஆசிரியர்களுக்கும் பதவி உயர்வு வேண்டுமானால் ஆசிரியர் தகுதித் தேர்வுத் தேர்ச்சி அவசியம் என்றது. இப்படிப்பட்ட காலங்களில் பள்ளியை நடத்துபவர் 'பொறுப்புத் தலைமை ஆசிரியர்'. மூத்த ஆசிரியர் ஒருவர் தன் வகுப்புகளை வைத்துக்கொண்டே இந்தச் சுமையையும் தாங்குவார். 'நான் பொறுப்புதானே, நாளைக்கு வேறொருத்தர் வருவார்' என்ற நினைப்பில் பெரிய முடிவுகள் எல்லாம் தள்ளிப்போகும். அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. நிலையற்ற பதவியில் நிலையான முடிவு எடுக்க யாருமே தயங்குவார்கள்.

அதிகாரம் என்று பார்த்தால், ஹெச்.எம். நிரந்தர ஆசிரியரை நியமிக்க முடியாது, மாற்ற முடியாது. தற்செயல் விடுப்பு அனுமதிக்கலாம், விளக்கம் கேட்கலாம், மேலே எழுதலாம். தொடக்க, நடுநிலைப் பள்ளிகளுக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர். அதற்கு மேல் மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர். கையில் இருக்கும் அதிகாரம் கொஞ்சம், தலையில் இருக்கும் பொறுப்பு மலையளவு. அந்த இடைவெளியை நிரப்புவது ஊழியர் அறையில் இருக்கும் மரியாதை ஒன்றுதான். தன்னைவிட வயதில் மூத்தவர், ஆசிரியர் சங்கப் பொறுப்பில் இருப்பவர், உள்ளூர்க்காரர் என்று எல்லோரும் இருக்கும் அறை அது. அங்கே உத்தரவு செல்லாது. தான் முதலில் வகுப்புக்குப் போகிறவர் என்ற பெயர் செல்லும்.

காலை முதல் அரை மணி

ஒரு பள்ளியின் நிலவரத்தை அறிய அதன் காலை அரை மணி நேரத்தைப் பார்த்தால் போதும். 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம் 2023 ஆகஸ்ட் 25 முதல் எல்லா அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்துவிட்டது. அதனால் பிள்ளைகள் முன்பைவிடச் சீக்கிரம் வருகிறார்கள். அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒரு பெரியவர் இருந்தாக வேண்டும். உப்புமாவோ பொங்கலோ முடிந்து கை கழுவும்போது முதல் மணி அடித்துவிடும். பிறகு வழிபாட்டுக் கூட்டம். அதன் பின் கல்வித் துறையின் தகவல் செயலியான எமிஸில் வருகைப் பதிவு. நெட்வொர்க் கிடைக்காத ஊரில் கைபேசியைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கும் மொட்டைமாடிக்கும் அலைவது இப்போது பள்ளிக் காட்சிகளில் ஒன்று. ஐந்து நிமிட வேலை இருபது நிமிடம் ஆகிறது. அந்த இருபது நிமிடத்தில் மூன்றாம் வகுப்பு தனியாக உட்கார்ந்திருக்கிறது.

இதற்கு மருந்து சின்னது: எந்த ஆசிரியரும் வகுப்பில் இருந்தபடியே முதலில் தாள் பதிவேட்டில் குறிப்பது, செயலியில் ஏற்றுவதை நெட்வொர்க் கிடைக்கும் இடத்தில் இருக்கும் ஒருவர் எல்லா வகுப்புக்கும் மொத்தமாகப் பார்ப்பது. அவரவர் கணக்கில் நுழைந்துதான் பதிய வேண்டும் என்றிருந்தால், வகுப்புகளைச் சேர்த்து உட்காரவைத்துவிட்டு ஒருவர் மாற்றி ஒருவர் செய்வது. எப்படியானாலும் ஒரே நேரத்தில் இரண்டு ஆசிரியர்கள் வகுப்புக்கு வெளியே நிற்கக் கூடாது.

ஆசிரியர் வராத நாளுக்கான ஏற்பாடு அந்த நாள் காலையில் யோசிப்பதாக இருக்கக் கூடாது. நடுநிலை, உயர்நிலைப் பள்ளியில் ஒவ்வொரு பாடவேளையிலும் யார் ஓய்வாக இருப்பார் என்ற அட்டவணையை ஜூன் மாதமே தயாரித்து ஒட்டிவிட வேண்டும். யாருக்கு எத்தனை மாற்று வகுப்பு போனது என்று பக்கத்திலேயே கோடு போட்டு வர வேண்டும். இந்தக் கோடு இல்லாத பள்ளியில்தான் 'எனக்கே ஏன் எப்பவும் போடறீங்க சார்?' என்ற சண்டை வரும். கேட்பவர் பெரும்பாலும் சரியாகத்தான் கேட்கிறார்: மறுத்துப் பேசாதவர் தலையிலேயே மாற்று வகுப்பு விழுவது ஊரறிந்த விஷயம்.

ஈராசிரியர் பள்ளியில் அந்த வசதியும் இல்லை. அங்கே கைகொடுப்பது கூட்டு வகுப்பு முறை. 2022இல் வந்த 'எண்ணும் எழுத்தும்' என்ற அடிப்படைக் கற்றல் திட்டம் ஒன்று முதல் மூன்று வரையுள்ள பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலைவாரியாகப் பார்க்கச் சொன்னது. அடுத்த ஆண்டு நான்கும் ஐந்தும் சேர்ந்தன. வகுப்பு வாரியாகப் பிரிக்காமல் நிலை வாரியாகக் குழுவாக்கினால் 48 நிமிடக் கணக்கு கொஞ்சம் தளரும். ஒரு குழு ஆசிரியரோடு, இன்னொன்று பயிற்சி நூலோடு, மூன்றாவது மலர் நிலைப் பிள்ளை ஒன்றின் மேற்பார்வையில் வாசிப்பு. ஆனால் தனியே உட்காரும் குழுவுக்கு என்ன வேலை என்பதை முந்தின நாளே எடுத்து வைக்காவிட்டால் அது 'கரும்பலகையைப் பார்த்து எழுது' என்பதில் போய் முடியும்.

நீண்ட விடுப்புதான் பெரிய அடி. தமிழ்நாட்டில் மகப்பேறு விடுப்பு 2021 ஜூலை முதல் 12 மாதம். தாய்க்கும் குழந்தைக்கும் தேவையான, நியாயமான உரிமை. ஆனால் அந்த இடத்துக்கு மாற்று ஆள் தானாக வருவதில்லை. 2022இல் காலிப் பணியிடங்களுக்குப் பெற்றோரே பெரும்பான்மையாக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு வழியாகத் தற்காலிக ஆசிரியர் வைக்க அரசு அனுமதித்தது. அப்போது நிர்ணயித்த மாதத் தொகை இடைநிலை ஆசிரியருக்கு 7,500, பட்டதாரி ஆசிரியருக்கு 10,000, முதுகலை ஆசிரியருக்கு 12,000 ரூபாய். ஊருக்குள் பஸ் வராத பள்ளிக்கு அந்தத் தொகைக்கு இயற்பியல் ஆசிரியர் கிடைப்பது குதிரைக்கொம்பு. விடுப்பு விண்ணப்பம் வரும் முன்பே, அதாவது செய்தி தெரிந்த மாதத்திலேயே, மாற்றுப்பணி கேட்டுக் கடிதம் போடுகிற ஹெச்.எம்.முக்குத்தான் பக்கத்துப் பள்ளியின் உபரி ஆசிரியர் கிடைக்க வாய்ப்பு.

வகுப்பைப் பார்ப்பது

தலைமை ஆசிரியர் செய்யும் வேலைகளில் கற்றலை நேரடியாகத் தொடுவது இதுதான். முதலில் தள்ளிப்போடப்படுவதும் இதுவே.

பார்ப்பது என்றால் வாசலில் நின்று எட்டிப் பார்ப்பது ஆகாது. பாடக்குறிப்பேட்டில் பச்சை மையில் கையெழுத்துப் போடுவதும் ஆகாது. பின் வரிசையில் இருபது நிமிடம் பிள்ளைகளோடு உட்கார வேண்டும். ஆசிரியரைப் பார்ப்பதைவிடப் பிள்ளைகளைப் பார்க்க வேண்டும். மூன்று நோட்டுகளை எடுக்கலாம்: முதல் வரிசைப் பிள்ளையுடையது, கடைசி வரிசைப் பிள்ளையுடையது, அடிக்கடி வராத பிள்ளையுடையது. முதல் நோட்டில் எல்லாம் இருக்கும். கடைசி வரிசை நோட்டில் பாதி வாக்கியம் தொங்கும். கரும்பலகையை அழிக்கும் முன் எழுதி முடிக்கவில்லை என்று அர்த்தம். மூன்றாவது நோட்டில் இரண்டு வாரம் வெறுமையாக இருக்கும், திருத்திய ஆசிரியரின் சரி அடையாளம் மட்டும் அதற்கு முன்னும் பின்னும் தவறாமல் இருக்கும். பள்ளியைப் பற்றி எந்த அறிக்கையும் சொல்லாததை இந்த மூன்று நோட்டுகள் சொல்லிவிடும்.

அடுத்து, இருபது நிமிடத்தில் எத்தனை பிள்ளைகள் வாய் திறந்தார்கள் என்று எண்ணுவது. 'புரிஞ்சுதா?' 'புரிஞ்சுது சார்!' என்ற கோரஸைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. முப்பது பேரில் நான்கு பேர் மட்டுமே தனியாகப் பதில் சொல்லியிருந்தால், மீதி இருபத்தாறு பேருக்கு என்ன தெரியும் என்பது ஆசிரியருக்கும் தெரியாது.

பிறகு பேச்சு. அன்றே, தனியாக, ஐந்து நிமிடம். ஒரே ஒரு விஷயம். 'நீங்க கேள்வி கேட்கும்போது இரண்டாவது வரிசையைத் தாண்டலை டீச்சர். நாளையிலிருந்து பின்னாலிருந்து ஆரம்பிச்சுப் பாருங்களேன், அடுத்த வியாழன் நான் வந்து உட்கார்றேன்' என்கிற மாதிரி. பத்துக் குறைகளைப் பட்டியல் போட்டுக் கூர்நோக்குப் பதிவேட்டில் எழுதி நீட்டினால் அந்த ஆசிரியர் கையெழுத்துப் போடுவார், எதையும் மாற்ற மாட்டார். அடுத்த வியாழன் போகாவிட்டால் சொன்ன ஒரு விஷயமும் செத்துப்போகும். எல்லா வகுப்பையும் மாதம் ஒரு முறை பார்க்க முடியாது என்றால் இரண்டு வகுப்பை இரண்டிரண்டு முறை பார்ப்பது மேல்.

தன் பாடம் இல்லாத வகுப்பை எப்படிப் பார்ப்பது என்ற தயக்கம் உயர்நிலைப் பள்ளியில் இருக்கும். தமிழாசிரியராக இருந்து ஹெச்.எம். ஆனவர் பத்தாம் வகுப்பு அறிவியலில் உள்ளடக்கத்தைப் பற்றிப் பேச வேண்டியதில்லை. நோட்டு, கேள்வி, பிள்ளையின் பங்கு ஆகிய மூன்றும் எல்லாப் பாடத்துக்கும் பொதுதான். இன்னொன்று: தன் வகுப்பை மற்ற ஆசிரியர் வந்து பார்க்க முதலில் கதவைத் திறந்துவிடுபவர் ஹெச்.எம்.மாக இருந்தால் பாதிப் பயம் கழன்றுவிடும்.

தாளும் செயலியும்

ஒரே புள்ளிவிவரத்தை வட்டார அலுவலகம் வாட்ஸ்அப்பில் ஒரு படிவத்திலும், வட்டார வள மையம் இன்னொரு படிவத்திலும், செயலி மூன்றாவது வடிவத்திலும் கேட்கும். 'இன்று மாலை 4 மணிக்குள், மிகவும் அவசரம்' என்று வரும். இதில் ஹெச்.எம். சலித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தற்காப்பும் உண்டு: வகுப்புவாரி, பாலினவாரி, இனவாரி எண்ணிக்கை, மாற்றுத்திறன் மாணவர், அறைகள், கழிப்பறைகள், குடிநீர்க் குழாய்கள், ஆசிரியர் பிறந்த தேதி, பணியேற்ற தேதி என்று ஒரே தாளில் எழுதி மாதத்தின் முதல் நாள் திருத்தி வைப்பது. அந்தத் தாளின் படம் கைபேசியில் இருந்தால் பாதிப் படிவங்கள் பத்து நிமிடத்தில் முடியும். 'அவசரம்' என்று வந்ததையெல்லாம் வகுப்பு நேரத்தில் நிரப்புவதில்லை என்றும் ஒரு வழக்கம் வேண்டும். மதிய உணவு இடைவேளை, அல்லது மாலை மணிக்குப் பிறகு. வானம் இடிந்து விழுந்ததாகத் தகவல் இல்லை.

கல்வி உரிமைச் சட்டத்தின் 27ஆம் பிரிவு, பத்தாண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் பணி தவிர்த்த கல்விசாரா வேலைகளுக்கு ஆசிரியரை அனுப்பக் கூடாது என்கிறது. விதிவிலக்கே பெரிது. வாக்குச்சாவடி நிலை அலுவலராக ஒரு ஆசிரியர் வீடு வீடாகப் போகும் மாதங்களில் அவருடைய வகுப்பை யார் பார்ப்பது என்பதற்குச் சட்டத்தில் பதில் இல்லை. மேலே சொன்ன மாற்று அட்டவணையில்தான் தேட வேண்டும்.

பணம்: கொஞ்சம்தான், ஆனால் கணக்கு கடுமை

ஒன்றிய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் வரும் ஒருங்கிணைந்த பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது. 30 பேர் வரை 10,000 ரூபாய், 31 முதல் 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் ஒரு லட்சம். இதில் குறைந்தது 10 சதவீதம் தூய்மைக்கு. 25,000 ரூபாய் பள்ளிக்கு அது 2,500; பத்து மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 250. சோப்பு, பினாயில், துடைப்பம், கழிவறைப் பிரஷ் என்று வாங்கினால் அவ்வளவோடு சரி. கழிப்பறைக் குழாய் உடைந்தால் ஊராட்சியிடம்தான் போய் நிற்க வேண்டும். வயதுக்கு வந்த பெண் பிள்ளைகள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கு வராமல் போவதற்கு அந்த உடைந்த குழாயும் தாழ்ப்பாள் இல்லாத கதவும் காரணமாகிவிடும் என்பதால் இது சில்லறைச் செலவு இல்லை.

இந்தப் பணமும் ஜூனில் வரும் என்று நம்ப முடியாது. ஒன்றிய அரசு தர வேண்டிய சமக்ர சிக்ஷா நிதி விடுவிக்கப்படவில்லை என்று தமிழ்நாடு அரசு 2025இல் உச்ச நீதிமன்றம் வரை போனது. டெல்லிக்கும் சென்னைக்கும் நடக்கும் இழுபறி கடைசியில் சாக்பீஸ் பெட்டியில் வந்து தெரியும். ஹெச்.எம். கையிலிருந்து போட்டு வாங்குவார். பணம் வந்ததும் எடுத்துக்கொள்ளலாம் என்று நினைப்பார். சிக்கல் அங்கேதான். செலவுக்கு முன் பள்ளி மேலாண்மைக் குழுவின் தீர்மானம், பிறகு விலைப்புள்ளி, பிறகு பொருளும் பில்லும், பிறகு இருப்புப் பதிவேட்டில் ஏற்றம், பிறகு பணம் வழங்கல் என்பதுதான் வரிசை. தீர்மானத் தேதி நவம்பர், பில் தேதி ஆகஸ்ட் என்று இருந்தால் தணிக்கையில் ஆட்சேபணை நிச்சயம், நேர்மையாகச் செலவழித்திருந்தாலும். அதனால் ஜூன், ஜூலைக் கூட்டத்திலேயே அந்த ஆண்டுக்கு வேண்டியவற்றைப் பொதுவாகப் பட்டியலிட்டு 'நிதி வந்ததும் இவற்றை வாங்கலாம்' என்று தீர்மானம் எழுதி வைப்பது நல்லது. மார்ச் 31க்கு முந்தின வாரத்தில் திடீரென்று பணம் வந்தால் கண்ணில் பட்டதை வாங்காமல் இருக்கவும் அது உதவும்.

பெற்றோர் குழு

கல்வி உரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும் பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் 2022இலும் 2024இலும் இந்தக் குழுக்கள் மறுகட்டமைக்கப்பட்டன. தலைவர் ஒரு பிள்ளையின் தாய். மூன்றாண்டுக்கான பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பது இந்தக் குழுவின் கடமை.

நடைமுறையில் தவறுவது இப்படி: கூட்டம் வெள்ளிக்கிழமை மாலை மூன்று மணிக்கு. நூறு நாள் வேலைக்கும் களையெடுப்புக்கும் போன தாய்மார் அந்த நேரத்தில் வர முடியாது. ஐந்து பேர் வருவார்கள். தீர்மானப் புத்தகத்தை மறுநாள் பிள்ளைகள் கையில் கொடுத்தனுப்பிக் கையெழுத்து வாங்குவார்கள். ஒரு வருடம் இப்படி ஓடினால் குழு தாளில் மட்டும் இருக்கும். தலைவராக இருக்கும் அம்மாவுக்குத் தான் எந்தக் காசோலையில் கையெழுத்துப் போட்டோம் என்றே தெரியாது. அவர் பட்டியல் சாதியைச் சேர்ந்தவர் என்றால் அவரை நாற்காலியில் உட்காரச் சொல்லாத ஊர்களும் இருக்கின்றன. அங்கே முதல் நாற்காலியை அவருக்கு ஹெச்.எம். எடுத்துப் போடுவதும், 'வாங்கம்மா, நீங்கதான் தலைவர், ஆரம்பிங்க' என்று எல்லோர் முன்பும் சொல்வதும் வெறும் உபசாரம் ஆகாது.

கூட்டத்தை ஒரு கேள்வியில் நிறுத்துவது பலன் தரும். 'இந்த மாதம் பத்து நாளுக்கு மேல் வராத பிள்ளைகள் யார் யார்?' ஐந்து பெயர் வாசித்தால் அதில் இரண்டு பேர் செங்கல் சூளைக்குப் போன குடும்பம், ஒருத்தி தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள், ஒருவனுக்குக் கண்ணாடி இல்லை என்று பக்கத்து வீட்டு அம்மாவே சொல்லிவிடுவார். எமிஸ் இதைச் சொல்லாது.

தட்டிக்கழிக்க முடியாதவை

மதிய உணவை நடத்துவது அமைப்பாளரும் சமையலரும். ஆனாலும் பிள்ளைகளுக்குப் பரிமாறும் முன் ஆசிரியர் ஒருவர் சாப்பிட்டுப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். 2013 ஜூலை 16 அன்று பீகாரின் சாரண் மாவட்டப் பள்ளியில் பூச்சிமருந்து கலந்த எண்ணெயில் சமைத்த உணவால் 23 பிள்ளைகள் இறந்தார்கள். தலைமை ஆசிரியைக்கு 2016இல் சிறைத் தண்டனை கிடைத்தது. ருசி பார்க்காமல் 'நன்று' என்று எழுதும் பழக்கம் எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு இதற்கு மேல் உதாரணம் வேண்டாம்.

பாலியல் புகார் வந்தால் பள்ளிக்குள் விசாரித்து முடிவு செய்யும் உரிமை ஹெச்.எம்.முக்குக் கிடையாது. பிள்ளைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் போக்சோ சட்டம் 2012இன் 19ஆம் பிரிவுப்படி தெரிந்தவுடன் காவல்துறைக்குச் சொல்வது கடமை. தனக்குக் கீழ் வேலை செய்பவர் மீதான புகாரை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை சிறை. 'பெயர் கெட்டுவிடும்', 'பேசி முடிச்சுக்கலாம்' என்று ஊர்ப் பெரியவர்கள் வந்து உட்காருவார்கள். பிள்ளையைத் திரும்பத் திரும்ப விசாரிப்பதும் தவறு, பெயரை வெளியே விடுவதும் குற்றம். 1098 (குழந்தைகள் உதவி எண்), 14417 (பள்ளிக் கல்வித் துறை உதவி எண்) ஆகியவை சுவரில் பிள்ளைகள் கண்மட்டத்தில் இருக்க வேண்டும், ஹெச்.எம். அறைக்குள் இருந்து பயனில்லை.

சாதி இன்னொன்று. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவர் ஒருவரும் அவர் தங்கையும் வீடு புகுந்து வெட்டப்பட்ட பின், ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் அமைந்த ஒருநபர் குழு 2024 ஜூனில் அறிக்கை தந்தது. பிள்ளைகளை அகர வரிசையில் உட்காரவைப்பது, வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இல்லாமல் பார்த்துக்கொள்வது போன்ற அதன் பரிந்துரைகளை நடைமுறைப்படுத்தப் பைசா செலவில்லை. 'எஸ்.சி. பசங்க எல்லாம் எழுந்திரிங்க, ஸ்காலர்ஷிப் ஃபாரம்' என்று வகுப்பில் கூவுவதை நிறுத்தவும் அரசாணைக்குக் காத்திருக்க வேண்டாம்.

எண்ணிக்கை எனும் சுழல்

ஆகஸ்ட் 1 நிலவரப்படி மாணவர் எண்ணிக்கையைப் பார்த்து ஆசிரியர் பணியிடம் நிர்ணயிக்கிறார்கள். தொடக்கப் பள்ளியில் 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர், 61 ஆனால் மூன்று. ஒரே ஒரு பிள்ளை வித்தியாசம். 63 பேர் இருந்த பள்ளியில் நான்கு பேர் தனியார் பள்ளி வேனில் ஏறிவிட்டால் மூன்றாவது ஆசிரியர் 'உபரி' ஆகிப் பணி நிரவலில் வேறு பள்ளிக்குப் போய்விடுவார். இரண்டு பேர் ஐந்து வகுப்பைப் பார்ப்பதைக் கண்டு அடுத்த ஆண்டு இன்னும் ஆறு பேர் வேனில் ஏறுவார்கள்.

மே மாதம் பேனர் பிடித்துக்கொண்டு ஊர்வலம் போவதால் இந்தச் சுழல் நிற்பதில்லை. ஐந்து வயது நிறையப் போகும் பிள்ளைகளின் பெயர்ப் பட்டியல் அங்கன்வாடியில் ஜனவரியிலேயே இருக்கும். அதை வாங்கி, பிப்ரவரியில் அந்தத் தாய்மாரை ஒரு காலை வேளை பள்ளிக்கு அழைத்து, முதல் வகுப்பில் அரை மணி நேரம் உட்காரச் சொல்ல வேண்டும். பக்கத்து வீட்டுப் பிள்ளை தமிழும் கொஞ்சம் ஆங்கிலமும் வாசிப்பதைக் காதால் கேட்ட அம்மாவுக்குத் துண்டுப் பிரசுரம் தேவைப்படாது. வாசிக்கவில்லை என்றால், வேனை மறித்துப் பயனில்லை.

புதிதாகப் பொறுப்பேற்கும்போது

பணியிடம் தேர்ந்தெடுக்கும் கலந்தாய்வு முடிந்து புதுப் பள்ளிக்கு வந்த முதல் நாளே மாலை, சால்வை எல்லாம் எடுத்து வைத்த பிறகு, பொறுப்பு ஒப்படைப்புப் பட்டியலை வரிவரியாகப் பார்க்க வேண்டும். ரொக்கப் பதிவேட்டின் இருப்பும் வங்கிக் கணக்குப் புத்தக இருப்பும் ஒத்துப்போகிறதா. தளவாடப் பதிவேட்டில் 12 மேசை மின்விசிறி என்றால் கண்ணெதிரே 12 இருக்கிறதா. சேர்க்கை நீக்கல் பதிவேட்டில் கடைசி எண் என்ன, மாற்றுச் சான்றிதழ்ப் புத்தகத்தில் எழுதாத தாள்கள் எந்த எண்ணிலிருந்து எந்த எண் வரை. ஆசிரியர்களின் பணிப்பதிவேடுகள் எங்கே. பள்ளி நிலத்தின் பட்டா நகல் இருக்கிறதா. இல்லாததை 'இல்லை' என்று எழுதி இருவரும் கையெழுத்திட வேண்டும். மரியாதைக்காக அன்று விட்டுவிட்டால் மூன்று வருடம் கழித்துத் தணிக்கையாளர் வரும்போது காணாமல் போன மடிக்கணினிக்குப் பதில் சொல்ல வேண்டியவர் புதியவர்தான்.

முதல் மாதம் டைம்டேபிளில் கை வைக்காமல் இருப்பது நல்லது. ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு ஏன் கடைசிப் பாடவேளையில் இருக்கிறது என்பதற்குப் பழைய காரணம் ஒன்று இருக்கும். பஸ் நேரமாக இருக்கலாம், ஒரு அறை ஒழுகுவதாக இருக்கலாம். அந்த மாதத்தில் மூன்று வேலை போதும்: ஐந்தாம் வகுப்பில் ஒவ்வொரு பிள்ளையையும் இரண்டாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தில் ஒரு பத்தி வாசிக்கச் சொல்லித் தானே கேட்பது, எல்லா வகுப்பிலும் ஒரு முறை இருபது நிமிடம் உட்காருவது, கழிப்பறைக் கதவுகளுக்குத் தாழ்ப்பாள் போடுவது. தாழ்ப்பாள் ஒரு வாரத்தில் முடிந்துவிடும். வாசிப்புப் பட்டியலில் தடுமாறும் பெயர்களை ஆசிரியர் கூட்டத்தில் வைத்து, யார் எந்த ஐந்து பிள்ளைகளை எந்த நேரத்தில் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டால் ஜூலைக் கூட்டத்துக்கு வேறு பொருள் தேட வேண்டியதில்லை.